உங்களிடம் பச்சை டிக், அவரிடம் மஞ்சள் முக்கோணம்: டிஜிட்டல் கையொப்பம் எங்கே பிசகுகிறது?

கேள்வி: நானும் ஒரு பங்குதாரரும் சேர்ந்து சிறிய மொழிபெயர்ப்பு நிறுவனம் நடத்துகிறோம். ஒப்பந்தங்களில் என் கையெழுத்தை ஸ்கேன் செய்து பிடிஎஃப்பில் ஒட்டி அனுப்புவதுதான் இதுவரை வழக்கம். போன மாதம் ஒரு வாடிக்கையாளர், “படம் வேண்டாம், டிஜிட்டல் கையொப்பம் போட்டு அனுப்புங்கள்” என்று திருப்பிவிட்டார். யூஎஸ்பி டோக்கனில் சான்றிதழ் வாங்கினேன். என் கணினியில் பச்சை டிக் வருகிறது, அவர் கணினியில் மஞ்சள் முக்கோணம். எனக்கு அடுத்து என் பங்குதாரர் கையெழுத்திடப் போனால் அந்தப் பொத்தானே மங்கிக் கிடக்கிறது. விலைப்பட்டியலை இணைத்து ஒரே கோப்பாக்கினால் என் கையொப்பம் காணாமல் போகிறது. சான்றிதழுக்கு இரண்டு ஆண்டுதான் ஆயுள். அதற்குப் பிறகு இந்த ஒப்பந்தங்களின் கதி என்ன? – ஒரு வாசகி

பதில்: முதலில் அந்த ஒட்டுப் படத்தைப் பார்த்துவிடுவோம். ஸ்கேன் செய்த கையெழுத்து எங்குமே செல்லாது என்று சொல்லிவிட முடியாது. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் அதையும் கையொப்பமாக ஏற்கும் சட்டங்கள் பல நாடுகளில் இருக்கின்றன. தகராறு வரும்போதுதான் அது கைவிடும். பிடிஎஃப்பில் உள்ள படத்தை யாரும் நகலெடுத்து இன்னொரு ஆவணத்தில் ஒட்டலாம். ஒட்டியது யார் என்பதை அந்தப் படம் சொல்லாது. ஒட்டிய பிறகு தொகையில் ஒரு சுழியம் கூடியிருந்தாலும் காட்டிக்கொடுக்காது. ‘திருத்த முடியாதபடி கடவுச்சொல் போட்டிருக்கிறேன்’ என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். திறக்கும்போது எதுவும் கேட்காமல் திருத்தத்தை மட்டும் தடுக்கும் அந்தப் பூட்டு ஒரு வேண்டுகோள், அவ்வளவுதான். அதை மதிக்காத மென்பொருள்கள் நொடியில் கழற்றிவிடும்.

படத்துக்கும் டோக்கனுக்கும் நடுவே இன்னொரு வகை உண்டு. மின்னஞ்சலில் வரும் இணைப்பைத் திறந்து, பெயரைத் தட்டி, ‘சைன்’ பொத்தானை அழுத்தும் இணையச் சேவைகள். இவை மின்னஞ்சல் முகவரி, ஐபி முகவரி, நேரம், ஓடிபி ஆகியவற்றைப் பதிவுசெய்து ஒரு தணிக்கைத் தாளாகத் தரும். அன்றாட ஒப்பந்தங்களுக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் ஒன்று கவனியுங்கள்: பல சேவைகளில் அந்தப் பிடிஎஃப்பைத் திறந்து பார்த்தால் சான்றிதழில் இருப்பது சேவை நிறுவனத்தின் பெயர். கையெழுத்திட்டவரின் பெயர் தணிக்கைத் தாளில்தான் இருக்கும். ஆகவே இரண்டையும் அன்றே இறக்கிச் சேமித்துக்கொள்ள வேண்டும். கணக்கை மூடிய பிறகு தேடினால் கிடைக்காமல் போகலாம்.

உங்கள் வாடிக்கையாளர் கேட்பது மூன்றாவது வகை, சான்றிதழோடு கூடிய டிஜிட்டல் கையொப்பம். நீங்கள் கேட்ட நாலு கேள்விக்கும் வேர் ஒன்றுதான், அதனால் கோப்புக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்பது நல்லது.

நீங்கள் பின் எண்ணைத் தட்டியதும் மென்பொருள் பிடிஎஃப்பில் ஓர் ஓட்டையை ஒதுக்குகிறது. அந்த ஓட்டை போக மீதி எல்லா பைட்டுகளையும் எஸ்எச்ஏ-256 என்ற கணக்கில் போட்டு 32 பைட் நீளமுள்ள ஒரு சுருக்கத்தை எடுக்கிறது. ஆவணத்தில் ஒரு காற்புள்ளி மாறினாலும் இந்தச் சுருக்கம் முற்றிலும் வேறாகிவிடும். சுருக்கம் டோக்கனுக்குள் போகிறது. அங்கேயுள்ள சில்லு உங்களுக்கு மட்டுமே உரிய ரகசிய எண்ணான தனிச்சாவியால் அதற்குக் கையொப்பமிட்டு வெளியே அனுப்புகிறது. சாவி மட்டும் டோக்கனை விட்டு வெளியே வருவதில்லை. கையொப்பமும் உங்கள் சான்றிதழும் அந்த ஓட்டையில் வைக்கப்படுகின்றன.

ஓட்டை எங்கே இருக்கிறது என்பதைக் கோப்பே நாலு எண்களில் எழுதி வைத்திருக்கும். ‘பைட்ரேஞ்ச்’ என்று பெயர். எடுத்துக்காட்டாக 0, 84020, 100406, 1250 என்று இருந்தால்: தொடக்கத்திலிருந்து 84,020 பைட்டுகள் கையொப்பத்துக்குள் அடக்கம், பிறகு 16,386 எழுத்து இடம் ஓட்டை, 100406-இல் தொடங்கி மீண்டும் 1,250 பைட்டுகள் அடக்கம். 16,386 எங்கிருந்து வந்தது? 8,192 பைட்டைப் பதினாறடிமான எண்ணில் எழுதினால் 16,384 எழுத்து, முன்னும் பின்னும் ஒவ்வொரு கோண அடைப்பு. கடைசி இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 1,01,656. கோப்பின் அளவும் அதுவே என்றால் கையொப்பம் கோப்பு முழுவதையும் பிடித்திருக்கிறது. கோப்பு அதைவிடப் பெரிதாக இருந்தால், நீங்கள் கையெழுத்திட்ட பிறகு யாரோ ஏதோ சேர்த்திருக்கிறார்கள். அது உங்கள் பங்குதாரரின் கையொப்பமாக இருக்கலாம், வேண்டாத ஒன்றாகவும் இருக்கலாம்.

பக்கத்தில் தெரியும் கட்டம், உங்கள் பெயர், தேதி எல்லாம் வெறும் தோற்றம். அந்தக் கட்டமே இல்லாமலும் கையொப்பமிட முடியும். அச்செடுத்த தாளில் அந்தக் கட்டம் வரும், கையொப்பம் வராது. வாடிக்கையாளருக்கு அச்சுப் பிரதியை ஸ்கேன் செய்து அனுப்பினால் நீங்கள் பழையபடி படத்தைத்தான் அனுப்புகிறீர்கள்.

மஞ்சள் முக்கோணம்

உங்கள் கணினியில் தெரியும் பச்சை டிக்கை நம்ப வேண்டாம். அடோபி நிறுவனத்தின் பிடிஎஃப் மென்பொருளான அக்ரோபாட் ரீடர், அந்தக் கணினியில் உள்ள உங்கள் சொந்தச் சான்றிதழைத் தானாகவே நம்பிக்கொள்ளும். ‘தற்போதைய பயனர் நீங்களே என்பதால் அடையாளம் சரி’ என்ற பொருளில் ஒரு வரிகூட விவரத்தில் இருக்கும். உண்மையான சோதனை, டோக்கன் ஒருபோதும் செருகப்படாத வேறொரு கணினியில் திறந்து பார்ப்பது.

அவர் கணினியில் கையொப்பத்தைச் சொடுக்கி விவரத்தைப் படிக்கச் சொல்லுங்கள். அங்கே இரண்டு தனித்தனிச் செய்திகள் இருக்கும். ஒன்று, கையொப்பத்துக்குப் பிறகு ஆவணம் மாறியதா என்பது. இன்னொன்று, கையெழுத்திட்டவரின் அடையாளம் தெரிகிறதா என்பது. ‘ஆவணம் மாறவில்லை, அடையாளம் தெரியவில்லை’ என்று வந்தால் கையொப்பத்தில் பழுதில்லை. உங்கள் சான்றிதழை வழங்கிய நிறுவனத்தை அவருடைய மென்பொருளுக்குத் தெரியாது, அவ்வளவுதான். சிவப்புப் பெருக்கல் குறி வந்தால் கதை வேறு: பைட் மாறியிருக்கலாம், சான்றிதழ் ரத்தாகியிருக்கலாம்.

சான்றிதழ் ஒரு சங்கிலி. உங்கள் சான்றிதழுக்கு இடைநிலைச் சான்றிதழ் உத்தரவாதம், அதற்கு மூலச் சான்றிதழ் உத்தரவாதம். மூலச் சான்றிதழ் அடோபி அங்கீகரித்த நம்பகப் பட்டியலிலோ ஐரோப்பிய ஒன்றியத்தின் நம்பகப் பட்டியலிலோ இருந்தால் உலகில் எந்த அக்ரோபாட்டிலும் தானாகப் பச்சை வரும். இல்லாவிட்டால் மஞ்சள்தான். சான்றிதழ் வாங்கும்முன் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இது. விலையைப் பிறகு கேட்கலாம்.

இப்போது செய்யக்கூடியது: அவருடைய ரீடரில் பிரிஃபரன்சஸ், டிரஸ்ட் மேனேஜர் போய் நம்பகப் பட்டியலைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். பல மஞ்சள்கள் இதிலேயே தீரும். தீராவிட்டால், கையொப்ப விவரத்தில் ‘ஷோ சைனர்ஸ் சர்டிஃபிகேட்’ திறந்து, இடப்பக்கச் சங்கிலியில் உச்சியில் உள்ள மூலச் சான்றிதழைத் தேர்ந்து, ‘டிரஸ்ட்’ தாவலில் நம்பகமானதாகச் சேர்க்கலாம். ஆனால் சேர்க்கும்முன் அந்தச் சான்றிதழின் கைரேகை எண்ணை (‘ஃபிங்கர்பிரின்ட்’, சான்றிதழை அடையாளம் காட்டும் சுருக்கம்), வழங்கிய நிறுவனம் தன் தளத்தில் வெளியிட்டிருக்கும் எண்ணோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். மஞ்சளைப் பார்த்த எரிச்சலில் கண்ணை மூடிக்கொண்டு ‘நம்பு’ என்று அழுத்துபவருக்குப் பச்சை டிக்கால் எந்தப் பயனும் இல்லை. போலிச் சான்றிதழுக்கும் அவர் கணினியில் பச்சைதான் வரும். சங்கிலியில் உங்கள் பெயர் மட்டும் தனியாக நின்றால், கையொப்பமிடும்போது இடைநிலைச் சான்றிதழ் உள்ளே சேரவில்லை என்று பொருள். டோக்கனோடு வந்த சங்கிலிச் சான்றிதழ்களை உங்கள் கணினியில் நிறுவிவிட்டு மறுபடி கையெழுத்திடுங்கள்.

மங்கிய பொத்தான்

கையொப்பமிடும் பெட்டியில் ‘லாக் டாக்குமென்ட் ஆஃப்டர் சைனிங்’ என்ற கட்டத்தில் டிக் போட்டிருப்பீர்கள். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று கை தானாகப் போகும் இடம் அது. அதன் பொருள், ‘எனக்குப் பின் இதில் யாரும் எதுவும் செய்யக் கூடாது’. பங்குதாரரின் கையொப்பமும் அதில் அடங்கும். பூட்டுவது கடைசியாகக் கையெழுத்திடுபவரின் வேலை. பூட்டிய கோப்போடு மல்லுக்கட்டாமல், கையெழுத்திடாத மூலப் பிரதியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். அந்த மூலப் பிரதியைத் தனியே வைத்திருப்பதன் அருமை அப்போது தெரியும்.

இரண்டாம் கையொப்பம் முதலாவதை ஏன் கெடுப்பதில்லை என்றால், அது பழைய பைட்டுகளைத் தொடுவதே இல்லை. கோப்பின் வாலில் புதிய பகுதியாகச் சேர்கிறது. அதனால்தான் வரிசை முக்கியம். நீங்கள் முடித்து அனுப்ப, அதே கோப்பில் அவர் போட வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பிரதியில் போட்டால் இரண்டு ஒற்றைக் கையொப்பக் கோப்புகள்தான் மிஞ்சும். அவற்றை ஒன்றாக்க வழி கிடையாது.

இன்னும் கட்டுப்பாடு வேண்டுமென்றால் முதல் கையொப்பத்தைச் சாதாரணமாகப் போடாமல் ‘சர்டிஃபை’ செய்யலாம். அதில் மூன்று நிலைகள்: ஒன்று, எதுவும் மாறக்கூடாது; இரண்டு, படிவம் நிரப்பலாம், கையொப்பமிடலாம்; மூன்று, அவற்றோடு குறிப்பும் எழுதலாம். உங்களுக்கு ஏற்றது இரண்டாவது. ஆனால் அதற்கு எல்லாருடைய கையொப்பக் கட்டங்களையும் முன்கூட்டியே வரைந்து வைத்திருக்க வேண்டும். சர்டிஃபை செய்த கோப்பில் காலிக் கட்டத்தில் கையொப்பமிடலாம், புதுக் கட்டம் வரைய முடியாது. இதைத் தெரியாமல் இரண்டாம் நபர் திணறுவது நிறையவே நடக்கிறது.

கோப்பின் வாலில் சேர்க்க முடிகிறதே, அதில் மோசடி செய்ய முடியாதா? முயன்று காட்டியிருக்கிறார்கள். ஜெர்மனியின் போஹும் ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் சோதித்த 22 கணினிப் பிடிஎஃப் மென்பொருள்களில் 21 ஏதாவது ஒரு வகை ஏமாற்றுக்கு இடம் கொடுத்தன. திருத்திய உள்ளடக்கத்தைக் காட்டிக்கொண்டே ‘கையொப்பம் சரி’ என்றன. தகவல் கிடைத்ததும் நிறுவனங்கள் திருத்தம் வெளியிட்டன. பழைய பதிப்பு ரீடரில் சரிபார்ப்பது ஏன் வீண் என்பதற்கு இதுவே காரணம். பலர் கையெழுத்திட்ட கோப்பில் சந்தேகம் வந்தால், கையொப்பப் பலகத்தில் ‘வியூ சைன்டு வெர்ஷன்’ அழுத்துங்கள். அந்த நபர் கையெழுத்திட்ட தருணத்தில் ஆவணம் எப்படி இருந்ததோ அப்படியே திறக்கும்.

காணாமல் போன கையொப்பம்

இரண்டு பிடிஎஃப்பை இணைப்பது என்றால் மென்பொருள் புதிதாக ஒரு கோப்பை எழுதுகிறது. பக்கங்கள் ஒன்றாகத் தெரியலாம், பைட்டுகள் வேறு. கையொப்பம் தங்காது. சுருக்குவது, பக்கத்தைத் திருப்புவது, படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் ஓசிஆர் செய்வது, ‘பிரின்ட் டு பிடிஎஃப்’ கொடுப்பது, பக்க எண் சேர்ப்பது எல்லாவற்றுக்கும் இதே கதிதான். சில அலுவலகங்களின் ஆவணச் சேமிப்பு மென்பொருள் உள்ளே வரும் ஒவ்வொரு பிடிஎஃப்பின் ஓரத்திலும் ஒரு பதிவெண்ணைக் குத்திவிடும். அனுப்பியவர் மேல் பழி விழும். வாடிக்கையாளரிடம் சிவப்பு வந்து, உங்கள் பிரதியில் எல்லாம் சரியாக இருந்தால், இரு கோப்புகளின் பைட் அளவை ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் வழியில் யாரோ தொட்டிருக்கிறார்கள்.

ஆகவே கையொப்பம் வேலையின் கடைசிப் படி. வேர்டில் திருத்தத் தடங்களையும் குறிப்புகளையும் நீக்கி, எழுத்துருக்கள் உள்ளே பதியும்படி பிடிஎஃப் ஆக்குங்கள். நீண்ட காலம் சேமிப்பதற்கான பிடிஎஃப்/ஏ வடிவம் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். எழுத்துருவைக் கட்டாயம் பதியவைக்கும், ஸ்கிரிப்ட் போன்ற நகரும் சமாச்சாரங்களை உள்ளே விடாது. விலைப்பட்டியலை இந்தக் கட்டத்திலேயே இணைத்துவிடுங்கள். எக்செல் கோப்பாகவே தர வேண்டுமானால், பிடிஎஃப்பின் உள்ளே இணைப்பாகச் செருகிவிட்டுக் கையொப்பமிடலாம். அதுவும் சுருக்கக் கணக்கில் அடங்கிவிடும் (பிடிஎஃப்/ஏ-வில் அந்த வசதி மூன்றாம் பகுதியிலிருந்துதான்). திறப்பதற்குக் கடவுச்சொல் வேண்டுமென்றால் அதுவும் இப்போதே. பின்னால் போட்டால் கோப்பின் உள்ளடக்கம் முழுவதும் மறையாக்கத்தில் மாறிவிடும். பிறகு கட்டங்கள், பிறகுதான் டோக்கன்.

வேர்டிலேயே கையொப்பமிடலாமே என்றால், இடலாம். ஆனால் பெறுபவர் திருத்தத் தொடங்கியதும் அது கழன்றுவிடும், பிடிஎஃப்பாக மாற்றினால் கூடவே வராது. அக்ரோபாட் இல்லாதவர்கள் லிபர்ஆஃபிஸில் ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ பட்டியலில் உள்ள ‘சைன் எக்சிஸ்டிங் பிடிஎஃப்’ வழியாகக் கையொப்பமிடலாம். லினக்ஸில் ஆக்குலர் என்ற பிடிஎஃப் மென்பொருளும் செய்யும்.

தோற்றக் கட்டத்தில் பெயரைத் தமிழில் போட்டால் சில மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம்மாறியோ வெறும் கட்டங்களாகவோ வரும். கையொப்பத்துக்கு அதனால் கேடில்லை, பார்க்கத்தான் அசிங்கம். தமிழ்ப் பெயரைப் படமாக்கித் தோற்றத்தில் வைத்துவிடுங்கள். உங்கள் பழைய ஸ்கேன் கையெழுத்துக்கும் அங்கே ஒரு வேலை கிடைக்கும்.

இரண்டு ஆண்டு கழித்து

நால்வகைச் சிக்கலில் இதுதான் கனமானது. மற்றவற்றை மறுபடி செய்து சரிக்கட்டலாம், இதைப் பின்னால் சரிசெய்வது கடினம். கையொப்பத்தில் தெரியும் தேதி எங்கிருந்து வருகிறது? உங்கள் கணினிக் கடிகாரத்திலிருந்து. கடிகாரத்தை யாரும் பின்னுக்குத் தள்ளலாம். சான்றிதழ் காலாவதியான பின் ஒருவர் கோப்பைத் திறந்தால், ‘இது உயிரோடு இருந்தபோது போட்டதா, செத்த பிறகு தேதியை மாற்றிப் போட்டதா’ என்ற கேள்விக்கு அந்தக் கோப்பில் பதில் இல்லை.

பதிலை இரண்டு பொருள்கள் தரும். முதலாவது நேர முத்திரை. கையொப்பமிடும்போது மென்பொருள் ஒரு நேர முத்திரைச் சர்வருக்குச் சுருக்கத்தை மட்டும் அனுப்புகிறது, ஆவணத்தை அனுப்புவதில்லை. சர்வர் அதோடு நேரத்தைச் சேர்த்துத் தன் சாவியால் கையொப்பமிட்டுத் திருப்புகிறது. இதற்கான நெறிமுறை 2001-இல் வெளியான ஆர்எஃப்சி 3161. சான்றிதழ் வழங்கிய நிறுவனத்திடமே சர்வர் முகவரியைக் கேட்டு வாங்கி, அக்ரோபாட்டில் பிரிஃபரன்சஸ், சிக்னேச்சர்ஸ், ‘டாக்குமென்ட் டைம்ஸ்டாம்பிங்’ பகுதியில் ஒருமுறை பதிந்து, இயல்பானதாக அமைத்துவிடுங்கள்.

இரண்டாவது, அந்த நேரத்தில் உங்கள் சான்றிதழ் ரத்தாகாமல் இருந்தது என்பதற்கான சான்று. வழங்கிய நிறுவனத்தின் சர்வர் தரும் பதில் அது. அதையும் கோப்புக்குள்ளேயே புதைத்துவிட்டால், அந்த நிறுவனம் பிற்காலத்தில் மூடப்பட்டாலும் சரிபார்க்கலாம். அதே சிக்னேச்சர்ஸ் அமைப்பில், ‘கிரியேஷன் அண்ட் அப்பியரன்ஸ்’ பகுதியில் ‘இன்க்ளூட் சிக்னேச்சர்ஸ் ரெவொகேஷன் ஸ்டேட்டஸ்’ என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். இரண்டுக்குமே கையொப்பமிடும் நொடியில் இணையம் வேண்டும். இணையம் அறுந்திருந்தால் சில மென்பொருள்கள் சத்தமில்லாமல் முத்திரையின்றியே கையொப்பமிட்டு முடித்துவிடும். முடிந்ததும் கையொப்ப விவரத்தைத் திறந்து, நேரம் கணினிக் கடிகாரத்திலிருந்து வந்ததா, முத்திரையிலிருந்து வந்ததா என்று பாருங்கள். ‘எல்டிவி எனேபிள்டு’ (நீண்ட காலம் கழித்தும் சரிபார்க்கலாம்) என்ற சொல்லும் இருக்க வேண்டும்.

முத்திரையும் சான்றும் உள்ளே சேர்ந்தால் இடம் அதிகம் பிடிக்கும். முன்பு பார்த்த ஓட்டை சிறிதாக இருந்தால் ‘இடம் போதவில்லை’ என்று கையொப்பம் தோற்கும். நிரல் வழியாகக் கையொப்பமிடுபவர்கள் சந்திக்கும் பிழை இது. ஒதுக்கும் அளவைக் கூட்டினால் தீரும். அதே நிரல்களில் சுருக்கக் கணக்கு எஸ்எச்ஏ-1 என்று இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிலையமும் 2017 பிப்ரவரியில், ஒரே எஸ்எச்ஏ-1 சுருக்கம் கொண்ட இரண்டு வெவ்வேறு பிடிஎஃப்களை உருவாக்கிக் காட்டிவிட்டன.

டோக்கனைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் பங்குதாரர் உங்கள் டோக்கனில் போடக் கூடாது. அவருக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். டோக்கனையும் பின் எண்ணையும் கணக்குப் பார்ப்பவரிடம் கொடுத்து வைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது, அது வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதேதான். பின் எண்ணைச் சில முறை தவறாக அடித்தால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். ஊகித்துப் பார்க்க வேண்டாம். தொலைந்தால் அன்றே வழங்கிய நிறுவனத்திடம் சொல்லி ரத்து செய்யுங்கள். ரத்துக்கு முந்தைய நேர முத்திரை உள்ள கையொப்பங்கள் அதனால் பாதிக்கப்படுவதில்லை. முத்திரை இல்லாதவைதான் கேள்விக்குள்ளாகும்.

சட்ட எடை நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 910/2014 ஒழுங்குமுறை மின்கையொப்பத்தை மூன்று தரமாகப் பிரித்து, மேல்தரத்துக்கு மட்டும் கைக்கையெழுத்துக்கு நிகரான மதிப்பு தருகிறது. உயில் போன்ற சில ஆவணங்களை மின்கையொப்பத்திலிருந்து விலக்கி வைத்திருக்கும் நாடுகளும் உண்டு. வேறு நாட்டு வாடிக்கையாளர் என்றால் எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஏற்கெனவே அனுப்பிய ஒப்பந்தங்களை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். பூட்டாதவற்றில், சான்றிதழ் உயிரோடு இருக்கும்போதே, கையொப்பப் பலகத்தில் வலச்சொடுக்கி ‘ஆட் வெரிஃபிகேஷன் இன்ஃபர்மேஷன்’ கொடுங்கள். பிறகு முழு ஆவணத்துக்கும் ஒரு நேர முத்திரை வையுங்கள். இரண்டும் வாலில்தான் சேரும், முதல் கையொப்பம் அப்படியே நிற்கும். பூட்டியவற்றையும் இணைத்ததில் கையொப்பம் இழந்தவற்றையும் மூலப் பிரதியிலிருந்து மறுபடி கையெழுத்திட்டு, எந்தக் கோப்புக்குப் பதிலாக எது என்பதை மின்னஞ்சலில் எழுதி வாடிக்கையாளருக்கு அனுப்புங்கள்.